மச்சானுக்குக் கொடுத்த எக்ஸ்இ ஃபைல்

கேள்வி: பங்குச்சந்தையில் நிஃப்டி ஆப்ஷன் வாங்கி விற்பதற்காக இரண்டு வருடம் ராத்திரி கண்விழித்து ஒரு பைதான் புரோகிராம் எழுதினேன். மச்சான் கேட்டார், மறுக்க முடியவில்லை. சோர்ஸ் கோடைக் (நான் எழுதிய மூல வரிகளை) கொடுக்காமல் பைஇன்ஸ்டாலர் என்ற கருவியில் எக்ஸ்இ (நேரே ஓட்டும்) ஃபைலாக்கித்தான் கொடுத்தேன். இப்போது தேவகோட்டையில் முகம் தெரியாத ஒருவர் அதையே ஓட்டுகிறார், நஷ்டத்தை ஓர் அளவோடு நிறுத்தும் ஸ்டாப்லாஸ் ஃபங்ஷனுக்கு நான் விளையாட்டாக வைத்த 'ஆச்சி_ஸ்டாப்' என்ற பெயர் உட்பட! எப்படித் திறந்தார்கள்? இனி எப்படிப் பூட்டுவது?
- பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: முதலில் ஒரு வேலை பாருங்கள். அந்த ஃபைலுக்குள் உங்கள் புரோக்கர் கணக்கைத் திறக்கும் ஏபிஐ சீக்ரெட்டோ, டிஓடிபி சாவியோ எழுதி வைத்திருந்தீர்களா? இருந்தால் இன்றைக்கே மாற்றிவிட்டு அப்புறம் மீதியைப் படியுங்கள். லாஜிக் போனால் லாபம்தான் போகும், சாவி போனால் கணக்கே போய்விடும்.

பைஇன்ஸ்டாலர் பூட்டு இல்லை, வெறும் அட்டைப்பெட்டி. பைதானையும் உங்கள் புரோகிராமின் பிஒய்சி ஃபைல்களையும் (பைதான் ஓட்டுவதற்காக மாற்றி வைத்த வடிவம்) ஒன்றாகக் கட்டி அனுப்புகிறது, அவ்வளவுதான். பெட்டியைப் பிரிக்கவும் பிஒய்சியைத் திரும்பக் கோடாக்கவும் இலவசக் கருவிகளே இருக்கின்றன. ஃபங்ஷன் பெயர், வேரியபிள் பெயர் எல்லாம் பிஒய்சிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும், ஆச்சி அப்படித்தான் தேவகோட்டை போய்ச் சேர்ந்திருக்கிறார். ஆனால் ஹேஷ் (#) போட்டு நம் நினைவுக்காக எழுதும் கமென்ட் பிஒய்சியில் தங்காது. தேவகோட்டைக்காரரிடம் இருக்கும் கோடில் உங்கள் கமென்ட்டும் இருந்தால் எக்ஸ்இயை யாரும் உடைக்கவில்லை, சோர்ஸ் ஃபைலே வேறு வழியில் போயிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பென்டிரைவ் யார் யார் கைக்குப் போனது என்று யோசியுங்கள்.

இதைவிடக் கெட்டி வேண்டும் என்றால் சைத்தான் இருக்கிறது (பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது ஒரு கம்பைலர்தான்), நியூட்கா இருக்கிறது. இரண்டும் பைதானை சி மொழிக்கு மாற்றி மெஷின் கோடாக்கிவிடும். உடைக்கிறவருக்கு நிமிட வேலை வாரக்கணக்காகும், ஆனாலும் உள்ளே எழுதிய வார்த்தைகளும் சில பெயர்களும் கண்ணில் படும். பைஆர்மர் என்ற கருவி கோடைக் குழப்பிப் பூட்டுகிறது, ஓடும்போது பைதானுக்காக அதைத் திறந்துதானே ஆக வேண்டும், அந்த நேரத்தில் மெமரியில் பிடித்துவிடுவார்கள். அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஓடுகிற எதற்கும் இதே கதிதான்.

அதனால் என் யோசனை, ஃபைலே கொடுக்காதீர்கள். கணக்குப் போடுவது உங்கள் சர்வரில் இருக்கட்டும், மச்சானுக்கு 'இந்த ஸ்ட்ரைக், இத்தனை லாட், வாங்கு' என்ற உத்தரவு மட்டும் போகட்டும். அப்படிச் செய்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்று மாத டிரேட் புக்கை (வாங்கி விற்ற பட்டியலை) எக்செலில் போட்டு, எத்தனை மணிக்கு நுழைகிறது, எவ்வளவு நஷ்டத்தில் வெளியே வருகிறது என்று பொறுமையாகப் பார்க்கிறவர் பாதியை ஊகித்துவிடுவார். நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நாளில் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) போனவர் பேரேட்டைப் பார்த்துப் பார்த்தே தொழில் படித்து, அடுத்தாளாகி (ஏஜெண்டுக்கு உதவியாளாகி), ஏஜெண்டாகி, கடைசியில் தனிக்கடை போடவில்லையா? அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை.

சட்டமும் ஏறக்குறைய அதே பக்கம்தான். 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் புரோகிராம் என்பது இலக்கியப் படைப்பு, நீங்கள் எழுதிய கோடை அப்படியே காப்பியடித்தால் கேட்கலாம், ஆச்சி_ஸ்டாப் நல்ல சாட்சி. ஆனால் முறையாகக் கிடைத்த பிரதியை ஓட்டிப் பார்த்து அதன் யோசனையைப் புரிந்துகொள்வதற்கு 52-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. பேட்டன்ட்டும் கைகொடுக்காது, அல்காரிதத்துக்குக் கிடையாது என்று 1970 பேட்டன்ட் சட்டம் 3(கே) சொல்லிவிட்டது. வெளியாளுக்குக் கொடுக்கிறபோது ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். மச்சானிடம் பத்திரத்தை நீட்டினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை என்னைவிட நீங்களே நன்றாக அறிவீர்கள்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2025 பிப்ரவரி சுற்றறிக்கையின்படி, சொந்தமாக எழுதிய அல்கோவை (தானாக வாங்கி விற்கும் புரோகிராமை) குடும்பத்துக்கு ஓட்டலாம், ஆனால் அங்கே குடும்பம் என்றால் தான், வாழ்க்கைத் துணை, தன்னைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர். மச்சான் அந்தக் கணக்கில் வரமாட்டார். லாஜிக்கை மறைத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால் அது 'பிளாக் பாக்ஸ்', செபியிடம் ரிசர்ச் அனலிஸ்டாகப் பதிவு செய்ய வேண்டும். நான் மேலே சொன்ன சர்வர் வழியும் இதில்தான் மாட்டும். ஆக, மச்சானுக்கு ஓட்டுவதையே முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: சார்ட் பார்க்கும் தளமான டிரேடிங்வியூவில் 'இன்வைட் ஒன்லி' (நான் அனுமதித்தவருக்கு மட்டும்) போட்டால் என் இண்டிகேட்டர் பத்திரமா?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: கோட் பத்திரம். அங்கே இண்டிகேட்டர் எழுதும் மொழியான பைன் ஸ்கிரிப்ட் அவர்கள் சர்வரில்தான் ஓடுகிறது, பார்க்கிறவர் கம்ப்யூட்டருக்குக் கோடு மட்டும்தான் வரும் (சார்ட்டில் விழுகிற கோட்டைச் சொல்கிறேன்). அந்தக் கோட்டை வைத்து யாராவது ஃபார்முலாவை ஊகிப்பதைத் தடுக்க முடியாது. சாதாரண மூவிங் ஆவரேஜ் (நகரும் சராசரி விலை) இரண்டைக் கலந்து வைத்திருந்தால் அரை நாள் போதும்.