பல் முளைக்கிற பிள்ளைக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: டொக்டர், நான் உப்புவெளியில் இருக்கிறேன். மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. கீழ் முரசில் வெள்ளையாகப் பல் தெரிகிறது. வீணீர் வடிகிறது, கையில் அகப்படுவதையெல்லாம் கடிக்கிறாள். போன கிழமை இரண்டு நாள் காய்ச்சலும் வயிற்றோட்டமும் இருந்தது. பல் வருவதற்குத்தான் என்று மாமி சொன்னதால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, தானாக நின்றுவிட்டது. இதுவரை தாய்ப்பாலும் குழைத்த சோறும்தான் கொடுக்கிறேன். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன், மாமிதான் பார்த்துக்கொள்வார். கணவர் கட்டாரிலிருந்து பார்சல் அனுப்பப் போகிறார். பால் போத்தல் செட், போத்தல் அவிக்கும் மின்சார இயந்திரம், பழம் போட்டுச் சூப்பக் கொடுக்கும் வலைப்பை, முரசில் பூசும் ஜெல், பல் வலி குறைய அணிவிக்கும் அம்பர் (மரப்பிசின்) மணி மாலை, கடிக்கும் சாமான்கள் என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. இதில் எது உண்மையில் தேவை?

பதில்: பட்டியலை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் காய்ச்சலைப் பற்றிப் பேச வேண்டும்.

பல் முளைக்கும்போது முரசு வீங்கும், வீணீர் வடியும், பிள்ளை சிணுங்கும், இரவில் ஒழுங்காக நித்திரை கொள்ளாது. உடம்பு இலேசாகச் சுடுவதும் உண்டு. ஆனால் 38 பாகை செல்சியஸும் அதற்கு மேலும் ஏறும் காய்ச்சலைப் பல் கொண்டுவராது. வயிற்றோட்டத்தையும் கொண்டுவராது. மாமி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, இரண்டும் ஒரே காலத்தில்தான் வருகின்றன. ஆறு மாதத்தை ஒட்டி, கருப்பையில் இருந்தபோது தாயிடமிருந்து கிடைத்த நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அதே காலத்தில் பிள்ளை தவழ்ந்து, தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கிறது. வேற்றுச் சாப்பாடும் தொடங்குகிறது. கிருமி உள்ளே போக இவ்வளவு வழி இருக்கும்போது பழி பல்லின் மேல் விழுகிறது. இந்த முறை தானாக நின்றது நல்லது. அடுத்த முறை காத்திருக்காதீர்கள்.

நம் திருகோணமலை மாவட்டத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏழு மாதப் பிள்ளைக்கு ஒரு நாளைத் தாண்டியும் காய்ச்சல் நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், கண் குழி விழுந்தால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், பிள்ளை சோர்ந்து எழும்பாமல் கிடந்தால் அந்த ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். வயிற்றோட்டம் என்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல், ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்தான். டெங்கு இல்லை என்று தெரியாதவரை இபுபுரொஃபென் வேண்டாம், அஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பரசிற்றமோலின் அளவு நிறையைப் பொறுத்தது: ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேல் போகக்கூடாது. 8 கிலோப் பிள்ளைக்கு அது 120 மில்லிகிராம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியும் கடையில் உண்டு, ஒரே மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தும் உண்டு. பாணி என்று நினைத்துச் சொட்டு மருந்தில் 5 மில்லிலீற்றர் கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும், நான்கு மடங்குக்கும் மேல். வெளிநாட்டுப் பார்சலில் வரும் மருந்துகளில் இது அடிக்கடி நடக்கும். அதனால் மருந்து எதுவும் பார்சலில் வர வேண்டாம். இங்கேயே வாங்கி, போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து, கூடவே வரும் அளவுக் குழாயால் அளந்து கொடுங்கள். மாமிக்கும் அதைக் காட்டி வையுங்கள்.

சரி, இனிப் பட்டியல்.

பிள்ளைச் சாமான் வாங்கும்போது நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். இதன் ஒவ்வொரு மூலையையும் கண்ணால் பார்த்துக் கழுவ முடியுமா? இதிலிருந்து ஏதாவது கழன்று பிள்ளையின் தொண்டைக்குள் போகுமா? பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீடுகளுக்குள்ளேயே 30 பாகையைத் தாண்டும். ஒரு மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் பாலோ பழமோ புளித்துக் கிருமி பெருக அந்தச் சூடு போதும்.

போத்தல் செட்டை விட்டுவிடலாம். உங்கள் மகளுக்கு அது தேவையில்லை. ஆறு மாதம் கழிந்து, பிடித்தால் உட்காரக்கூடிய பிள்ளை திறந்த கோப்பையில் குடிக்கப் பழகும். போத்தலைப் பாருங்கள்: சூப்பி, வளையம், காற்று போக ஒரு வால்வு, சிலதில் உள்ளே ஒரு குழாய். கழுவக் கழுவ முடியாது. அதோடு போத்தலுக்குப் பழகிய பிள்ளையை ஒரு வயதில் அதிலிருந்து பிரிப்பது பெரும் பாடு. இரவில் பால் போத்தலோடு நித்திரை கொள்ளும் பிள்ளைக்கு முன் பற்கள் சூத்தையாவதை கிளினிக்கில் எத்தனையோ பார்க்கிறோம். போத்தல், சூப்பி, பால்மா விற்பனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிக்கோவை 1981 இல் வந்தது, இலங்கை 1983 இலேயே தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொண்டது. காரணம் இல்லாமல் செய்யவில்லை.

ஒரு சிறிய சில்வர் கோப்பை, வாய் விளிம்பு மழமழப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாமி பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்தி, கோப்பையைக் கீழ் உதட்டில் தொட வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சரித்துப் பிடித்தால் போதும். பிள்ளையே நக்கி உறிஞ்சும். வாய்க்குள் ஊற்றக்கூடாது. முதல் சில நாள் பாதி சட்டையில் போகும், பரவாயில்லை. நீங்கள் வேலைக்குப் போவதற்கு முதலே, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, மாமியின் கையால் பழக்கத் தொடங்குங்கள். தாயின் மணம் பக்கத்தில் இருந்தால் சில பிள்ளைகள் கோப்பையைத் தட்டிவிடும், அப்போது நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். சிந்தாத மூடிக் கோப்பை ஏதாவது வாங்கத்தான் வேண்டும் என்றால், உறிஞ்சும் குழாய் உள்ளதாகப் பார்த்து, குழாய் கழுவும் சிறு பிரஷும் சேர்த்து வாங்குங்கள். கடினமான மூக்கும் உள்ளே வால்வும் உள்ளவை போத்தலின் வேலையைத்தான் செய்கின்றன.

பார்சலில் இடம் இருந்தால், கையால் அழுத்தும் சாதாரணப் பால் பம்ப் ஒன்று வரட்டும். எல்லாப் பாகமும் கழன்று வர வேண்டும். கையால் பால் எடுக்கத் தெரிந்தால் அதுவும் வேண்டாம், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் காட்டித் தருவார். எடுத்த பாலை 25 பாகை அறையில் 4 மணித்தியாலம் வைக்கலாம் என்று புத்தகம் சொல்லும். நம் அறைகள் அந்த வெப்பநிலையில் இல்லை, ஆகவே எடுத்த கையோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். கதவுத் தட்டில் அல்ல, உட்புறமாக. அங்கே 4 நாள் வரை நிற்கும். நீண்ட நேரம் கரண்ட் போய் ஃபிரிட்ஜின் குளிர் விட்டுப்போனால் அந்தப் பாலை நம்ப வேண்டாம். சூடாக்க, சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் பால் பாத்திரத்தை வைத்தால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம், பால் ஓரிடத்தில் கொதித்து இன்னோரிடத்தில் குளிர்ந்து இருக்கும். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததைத் திரும்ப எடுத்து வைக்காதீர்கள்.

மின்சார இயந்திரமும் போத்தல் போகும் வழியில் போகட்டும். கோப்பை, கிண்ணம், கரண்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுடுதண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காய வைத்தால் இந்த வயதுக்குப் போதும். பம்பின் பாகங்களை மூடியுள்ள சட்டியில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். உப்பும் சுண்ணாம்பும் கலந்த கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அந்த இயந்திரத்தின் அடித்தட்டு சில மாதத்தில் வெள்ளை பிடித்துவிடும், அது தனிக்கதை.

வலைப்பையை நான் எந்த வீட்டுக்கும் சொல்வதில்லை. வலைக் கண்ணுக்குள் ஏறிய மாம்பழ நாரை எடுக்க ஊசி வேண்டும். அதைவிட, அது பிள்ளைக்குச் சூப்பத்தான் கற்றுக்கொடுக்கிறது, மெல்லுவதைக் கற்றுக்கொடுப்பதில்லை. ஏழு மாதத்தில் கற்க வேண்டியது மெல்லுவதை. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தின் கீழ்ப்பாதித் தோலைக் கைப்பிடியாக விட்டுக் கையில் கொடுங்கள். பப்பாசியை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். இரு விரலுக்கு நடுவில் நசுக்கினால் நசிய வேண்டும், அதுதான் அளவுகோல். பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும், ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். சோறு, பருப்பு, கீரை, மீன் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டுத் தண்ணீராக்காமல் கரண்டியால் மசியுங்கள். எட்டு, ஒன்பது மாதத்துக்குள் சிறு கட்டிகள் உள்ள சாப்பாட்டைக் காணாத பிள்ளை பிறகு கட்டியைக் கண்டாலே ஓங்காளிக்கும். மீன் நம் ஊரில் தாராளம். சூடையில் முள் அதிகம், பாரை, அறக்குளா போன்றவற்றின் சதையை விரலால் உதிர்த்துத் தடவிப் பார்த்துக் கொடுப்பது மாமிக்கும் சுகம். தேன் ஒரு வயதுக்கு முன் ஒரு சொட்டும் கூடாது, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம். பால் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும் வேண்டாம், இரும்புச்சத்தைத் தேநீர் தடுக்கும்.

முரசில் பூசும் ஜெல்லைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். பென்சோகெயின் என்ற மரக்கச் செய்யும் மருந்து உள்ள ஜெல், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கலாம். பிள்ளை நீலம் பாரித்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2018 இல் எச்சரித்தது. லிடோகெயின் என்ற இன்னொரு மரக்கச் செய்யும் மருந்து அளவு மீறினால் வலிப்பு வரும். அஸ்பிரின் இனத்து சலிசிலேற் சேர்ந்த வாய் ஜெல்களை 16 வயதுக்குக் கீழ் பாவிக்க வேண்டாம் என்று பிரித்தானியா 2009 இல் அறிவித்தது. இவ்வளவு ஆபத்துக்கும் கிடைக்கும் பலன் என்ன? வீணீர் சில நிமிடத்தில் ஜெல்லைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

அம்பர் மாலையில் வலி தீர்க்கும் பொருள் தோல் வழியாக இறங்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கழுத்து இறுகுவதற்கும் மணி தொண்டையில் அடைப்பதற்கும் ஆதாரம் இருக்கிறது, பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். மாமிக்கு இதைச் சொல்லும்போது வசம்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையில் கட்டும் வசம்புத் துண்டும் நூலில் கோத்த மணியும் நேரே வாய்க்குத்தான் போகும். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம். கண்ணூறுக்குக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடிக்கும் சாமான் ஒன்றோ இரண்டோ வரட்டும். சிலிக்கோன் அல்லது இயற்கை றப்பர், ஒரே வார்ப்பில் செய்தது, ஒட்டு, மணி, கண், பொத்தான் எதுவும் இல்லாதது. உள்ளே தண்ணீரோ ஜெல்லோ நிரப்பியது கடிபட்டு ஒழுகும், வேண்டாம். வெளிச்சம் எரிவதும் பாட்டுப் பாடுவதும் வேண்டாம். அதற்குள் இருக்கும் காசு வடிவப் பற்றரியை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் புண்ணாக்கிவிடும். டொய்லெட் றோலின் நடு அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் இந்த வயதுக்கு மிகச் சிறியது. கழுவி ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துக் கொடுங்கள். ஃபிரீசரில் கல்லாக உறைய வைத்தால் முரசு புண்ணாகும். சாமான் வந்து சேருமுன் ஒரு சுத்தமான சிறு துவாயை நனைத்துப் பிழிந்து குளிர வைத்துக் கடிக்கக் கொடுத்தாலும் அதே வேலைதான். கழுவிய விரலால் முரசை மெல்ல அழுத்தித் தேய்ப்பது இன்னும் நல்லது.

முதல் பல் வந்ததும் பிள்ளையின் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவீர்கள் என்று நினைக்கிறேன், சந்தோஷமாகச் செய்யுங்கள். பல்லு மாதிரிக் கொழுக்கட்டையில் குத்தும் தேங்காய்ச் சொட்டு மட்டும் பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. வெள்ளைத் துணியில் கொட்டிச் சிதறும்போது ஒன்று இரண்டு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், கூட்டத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பச்சைக் கரட், கச்சான் பருப்பு, முழுத் திராட்சை எல்லாம் இதே கணக்குத்தான்.

மாமிக்கு இதையும் பழக்கி வையுங்கள். ஏதாவது அடைத்துப் பிள்ளைக்குச் சத்தமோ இருமலோ வராமல் போனால், தலை கீழே சரியும்படி முழங்கையில் குப்புறக் கிடத்தி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடியால் 5 தட்டு. போகவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் இரு விரலால் 5 அழுத்து. மாறி மாறிச் செய்ய வேண்டும், இன்னொருவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரல் விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே தள்ளும்.

கணவருக்கு ஒரு சாமானை நானே சேர்த்துச் சொல்கிறேன்: சிறிய தலையுள்ள மென்மையான பிள்ளைப் பல் பிரஷ். முதல் பல் வெளியே வந்த நாளிலிருந்து காலையும் இரவும் தேய்க்க வேண்டும். புளோரைட் பற்பசை ஒரு அரிசி மணி அளவு போதும். ஒன்பதாம் மாதம் ஊசி போடக் கிளினிக் போகும்போது வாயையும் ஒருமுறை காட்டுங்கள், ஒரு வயதுக்குள் பல் வைத்தியரிடமும் காட்டிவிடுங்கள்.