துவாயும் சேலையும்: விளம்பரப் பெண்கள் பற்றி ஒரு கடிதம்

அன்பின் அக்காவுக்கு,

எங்கள் பாடசாலைக்குக் கீழே சந்தியில் குளியலறை டைல்ஸ் விளம்பரப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். துவாய் மட்டும் கட்டிய ஒரு பெண் முதுகு தெரிய நிற்கிறாள். டைல்ஸ் ஓரத்தில் கொஞ்சம்தான் தெரிகிறது. பஸ்ஸுக்கு நிற்கும் பெண் பிள்ளைகளிடம் அதைக் காட்டிப் பையன்கள் கேலி செய்கிறார்கள். "நமது கலாசாரத்துக்கு ஒவ்வாத ஆபாசப் பலகையை அகற்றவும்" என்று பெற்றோர் சங்கத்தில் மனு எழுதி, என்னிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். எனக்கு முழு மனம் வரவில்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. தரம் 10 பிள்ளைகளுக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கிறேன். இதை வகுப்பில் எப்படி எடுப்பது? வகுப்புச் சுவரில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் போட்ட பழைய தேயிலை போஸ்டரும் தொங்குகிறது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஓர் ஆசிரியை, தலவாக்கலைப் பக்கம்

அன்புள்ள டீச்சர்,

கையெழுத்துப் போடுங்கள், ஆனால் மனுவைத் திருத்தி எழுதிய பிறகு. 'ஆபாசம்', 'கலாசாரம்' என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். முதலாவது சட்டத்தில் நிற்காது. ஆபாச வெளியீடுகள் பற்றிய நமது கட்டளைச் சட்டம் 1927ஆம் ஆண்டு வந்தது. துவாய் கட்டிய முதுகை அதற்குள் கொண்டுவரப் பார்த்தால் கம்பனி ஒரு பந்தியில் பதில் எழுதி முடித்துவிடும். இரண்டாவது சொல் திரும்பி வந்து பிள்ளைகளையே அடிக்கும். பலகைக்காரனிடம் கலாசாரம் கேட்ட அதே கூட்டம், அடுத்த மாதம் உங்கள் மாணவிகளின் கவுன் நீளத்தை அளக்க வரும். கேலி செய்த பையன்களைப் பற்றி அந்த மனுவில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பலகையில் உள்ள பிழை துணியின் அளவில் இல்லை. உள்ளாடை விளம்பரம் உள்ளாடையைக் காட்டத்தான் வேண்டும். கிளினிக்கில் தாய்ப்பால் போஸ்டர் மார்பைக் காட்டுகிறது, அதில் ஒரு குற்றமும் இல்லை. டைல்ஸ் வாங்கப் போகிறவருக்குத் தெரியவேண்டியது வேறு: ஈரத்தில் வழுக்குமா, நீரை எவ்வளவு உறிஞ்சும், ஒரு பெட்டி எத்தனை சதுர அடிக்குக் காணும். குளியலறைத் தரைக்குச் சுவர் டைல்ஸைப் பதித்து வழுக்கி விழுகிறவர்கள் உண்டு. பலகையில் இந்தத் தகவல் ஒன்றுமில்லை, அந்த இடத்தில் ஒரு முதுகு இருக்கிறது. ஒரு கடுதாசியால் அந்தப் பெண்ணை மறைத்துப் பாருங்கள். டைல்ஸைப் பற்றிய தகவல் ஏதாவது குறைகிறதா? குறையாவிட்டால் அவள் அங்கே அலங்காரம். இந்தச் சோதனையை நினைவில் வையுங்கள், வகுப்புக்கும் இதுதான் உதவும்.

இப்படிப் போட்டால் விற்கிறதா என்றால், அதுவும் பெரிதாக இல்லை. 78 ஆய்வுகளைத் திரட்டி ஜோன் விர்ட்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்று உண்டு. பாலியல் சாயல் உள்ள விளம்பரங்கள் ஆட்களுக்கு நினைவிருக்கின்றன, எந்தக் கம்பனி என்பது அதனால் கூடுதலாக நினைவில் நிற்பதில்லை, வாங்கும் எண்ணமும் கூடுவதில்லை என்பது அதன் முடிவு. உங்கள் ஊரிலேயே கேட்டுப் பாருங்கள். பலகையில் பெண் நிற்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், டைல்ஸின் பெயரைச் சொல்லத்தான் ஆள் கிடைக்காது.

இனி உங்கள் வகுப்புச் சுவருக்கு வருவோம். என் கணக்கில் இரண்டு படங்களில் அதுதான் கூடுதலாகக் கவனிக்கவேண்டியது, அதில் இருப்பவள் முழுக்கச் சேலை கட்டியிருந்தாலும்.

விளம்பரத்தில் ஆணும் பெண்ணும் எப்படி நிறுத்தப்படுகிறார்கள் என்று எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கிப் பார்த்து 1979இல் புத்தகமாகப் போட்டார். அவர் ஆடையின் அளவைத் தேடவில்லை. கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது, யார் உயரத்தில் நிற்கிறார், இருவர் சேர்ந்து வேலை செய்தால் யார் சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்த்தார். விளம்பரத்துப் பெண்ணின் கை பொருளை இறுக்கிப் பிடிப்பதில்லை, தடவுகிறது, விரல் நுனியால் ஏந்துகிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. அந்தக் கண்ணோடு தேயிலை போஸ்டரைப் பாருங்கள். பெரும்பாலான போஸ்டர்களில் அவள் ஒரே ஒரு கொழுந்தை இரண்டு விரலால் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். மலையில் யாராவது அப்படிப் பறிக்கிறார்களா? இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடும், பெருவிரலும் சுட்டுவிரலும் ஒடிக்கும், உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்குப் போகும். கண் செடி மட்டத்தில் உள்ள கொழுந்திலேயே நிற்கும், கமராவைப் பார்த்துச் சிரிக்க நேரம் இருக்காது. போஸ்டரில் கூடைக் கயிறு பல நேரம் தோளில் கிடக்கிறது, மலையில் அது மடித்த துணிக்கு மேலே உச்சந்தலையில் ஏறும். சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு இல்லை. அது இல்லாமல் பனி நேரம் நிரைக்குள் இறங்கினால் சேலை நனைந்து செடியின் வாதில் கிழியும். விரலில் கொழுந்துக் கறை இல்லை, அட்டைக்கடி இல்லை, வயதும் இருபத்தைந்தைத் தாண்டுவதில்லை.

படத்தில் யார் இல்லை என்பதையும் பார்க்கவேண்டும். கங்காணி இல்லை, தராசு இல்லை, நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் முகமும் இல்லை. பதினெட்டுக் கிலோ என்று நிர்ணயம் வைத்த தோட்டத்தில் பதினாறோடு வந்தால் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுமா என்ற கவலை எந்தப் போஸ்டரிலும் ஏறாது. இன்னொன்று: பறிக்கும் கை பெண்ணுடையது, கோட் போட்டு நின்று கிண்ணத்தில் சுவைத்துத் தரம் சொல்லும் நாக்கு அநேகமாக ஆணுடையது, கடைசியில் ஊற்றிக்கொடுக்கும் கை மீண்டும் பெண்ணுடையது. தேயிலை விளம்பரங்களை வரிசையாக வைத்தால் இந்த மூன்று இடமும் அப்படியே நிற்கும்.

இந்தப் படம் இன்று நேற்று வந்ததல்ல. தோமஸ் லிப்டன் 1890இல் இங்கே தோட்டங்களை வாங்கி, 'தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு' என்று சீமையில் விற்ற காலத்திலேயே கூடை சுமந்த தமிழ்ப் பெண் விளம்பரத்துக்கு வந்துவிட்டாள். 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரித்தானியப் பேரரசுச் சந்தைப்படுத்தல் சபையும் இலங்கைத் தேயிலைக்குப் போஸ்டர் போட்டது. 'பெண்ணின் மென்மையான விரலுக்கென்றே அமைந்த வேலை' என்ற பேச்சு இந்தப் படங்களோடு சேர்ந்தே வளர்ந்தது. பிறவியில் வந்த கை என்று சொல்லிவிட்டால் அதைப் பழகிய தொழில் என்று எண்ணிக் காசு கொடுக்கத் தேவையில்லை. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் ஒன்றானது 1984இல்தான். இப்போது ஆள் குறைந்த தோட்டங்களில் ஆண்களும் கொழுந்தெடுக்கிறார்கள், போஸ்டருக்கு அது இன்னும் தெரியாது.

உடுத்திருப்பதைப் பார்க்காமல், கொடுத்திருக்கும் இடத்தைப் பார்த்து விளம்பரத்தை நிறுத்த முடியுமா என்று சங்கத்தில் யாராவது கேட்பார்கள். பிரிட்டனில் முடிகிறது. 2019 ஜூனில் அங்கே ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று பாதிப்பு உண்டாகும்படி ஒரே வார்ப்பில் காட்டுவதற்கு எதிரான விதி அமுலுக்கு வந்தது. ஆகஸ்டில் முதல் இரண்டு விளம்பரங்கள் தடையாயின. ஒன்று வோக்ஸ்வேகன் கார். அதில் ஆண்கள் விண்வெளியில் மிதந்தும் விளையாட்டில் பாய்ந்தும் சாதிக்கிறார்கள், ஒரு பெண் தள்ளுவண்டிப் பிள்ளையோடு வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். மற்றது பிலடெல்பியா சீஸ். சாப்பாட்டுப் பராக்கில் இரண்டு தகப்பன்மார் பிள்ளைகளை உணவு சுமந்து ஓடும் பட்டியில் விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் ஒருவர் உடம்பும் தெரியவில்லை. இரண்டாவதில் கேலியானது ஆண்கள் என்பதைப் பெற்றோர் சங்கத்து அப்பாமாருக்குச் சொல்லுங்கள்.

வெள்ளைப்பூச்சு கிரீமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள். 1975இல் இந்தியாவில் வந்த ஃபெயார் அன்ட் லவ்லி, 2020இல் க்ளோ அன்ட் லவ்லி என்று பெயர் மாறியது. பெயர் போனாலும் 'முன்–பின்' படத்தின் வித்தை இந்த வகை விளம்பரங்களில் போகவில்லை. 'முன்' படத்தில் வெளிச்சம் பக்கத்திலிருந்தோ மேலிருந்தோ விழும், தலைமுடி இழுத்துக் கட்டியிருக்கும், சிரிப்பு இராது. 'பின்' படத்தில் வெளிச்சம் நேர் முன்னாலிருந்து வரும், முடி விரியும், வாய் சிரிக்கும். ஒரு போனும் ஒரு ஜன்னலும் போதும். ஒரே பிள்ளையை ஜன்னலுக்கு முதுகு காட்டியும் முகம் காட்டியும் இரண்டு படம் எடுங்கள், கிரீம் பூசாமலே முகம் வெளுக்கும். வெயிலில் கறுத்த அம்மாக்களின் பிள்ளைகள் இதைத் தங்கள் கையால் செய்து பார்ப்பது நல்லது.

படமே இல்லாத விளம்பரங்களை விட்டுவிடாதீர்கள். வார இறுதிப் பத்திரிகையின் வரி விளம்பரங்களில் 'வீட்டு வேலைக்குப் பெண் தேவை, மலையகத்தவர் விரும்பத்தக்கது', 'அழகிய தோற்றமுள்ள பெண் பிள்ளைகள் கடைக்குத் தேவை', மணமகள் பகுதியில் 'சிவந்த நிறம்' என்ற மாதிரி வரிகளைத் தேடுங்கள். துவாய்ப் பெண்ணைப் பார்த்துக் கொதிப்பவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் மாணவியின் நாளைய வாழ்க்கையில் கை வைப்பது எது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வகுப்புக்கு இரண்டு பாடவேளை போதும். சந்திப் பலகையைப் படம்பிடித்து வந்து காட்டாதீர்கள், வகுப்பிலும் அதே கேலி தொடங்கும். பத்திரிகை எடுங்கள். கெட்ட விளம்பரமாகப் பொறுக்கி வரச் சொன்னால் கெட்டதுதான் வரும், அதிலிருந்து ஒரு முடிவும் சொல்ல முடியாது. ஒரே ஞாயிறு பத்திரிகையின் நான்கு இதழ்களில் உள்ளங்கையை விடப் பெரிய, ஆள் படமுள்ள விளம்பரம் அத்தனையையும் வெட்டி இலக்கமிடட்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி: என்ன பொருள், யார் இருக்கிறார், வீடா வேலைத்தலமா வெளியா, கண் எங்கே பார்க்கிறது, அவர் அங்கே என்ன. கடைசிக் கேள்விக்கு மூன்று விடைதான்: பொருளைப் பயன்படுத்துகிறார், பொருளைப் பற்றி அறிவுரை சொல்கிறார், அல்லது அலங்காரம். முதல் இரண்டையும் பிரித்து எண்ணும் முறை 1975இல் அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களை ஆராய்ந்த மெக்ஆர்தர், ரெஸ்கோ என்ற இருவருடையது. 'அலங்காரம்' என்று எழுதுமுன் கடுதாசிச் சோதனையைச் செய்யவேண்டும்.

ஒரே விளம்பரக் கட்டுக்கு இரண்டு குழு தனித்தனியாக விடை நிரப்பட்டும். பத்து விளம்பரத்தில் மூன்றுக்கு மேல் விடை மாறினால் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் வரையறை தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் குழம்புவது நடிகைகளிடத்தில்: நகைக்கடை விளம்பரத்து நடிகை பயன்படுத்துகிறாரா, அலங்காரமா? அதற்கு முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். தேயிலை போஸ்டரைப் பேசும்போது 'யாருடைய அம்மா கொழுந்தெடுக்கிறார்?' என்று கை தூக்கச் சொல்லவேண்டாம். தோட்டப் பாடசாலையில் அது பாதி வகுப்பைக் காட்சிப் பொருளாக்கும். போஸ்டரில் உள்ள பிழைகளை எழுதச் சொன்னாலே போதும், தெரிந்த பிள்ளைகள் தாமாகவே எழுதும்.

பலகை விஷயத்தில் முதலில் பார்க்கவேண்டியது அது யாருடைய எல்லையில் நிற்கிறது என்பது. நகருக்குள் என்றால் தலவாக்கலை–லிந்துலை நகர சபை, வெளியே என்றால் பிரதேச சபை. ஏ-7 வீதியின் ஒதுக்குக்குள் கால் ஊன்றியிருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஒரு பிரதி போகட்டும். மனுவுக்கு முன் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள்: பலகைக்கு அனுமதி உண்டா, எந்தத் திகதி வரை, எந்த அளவுக்கு, கட்டணம் கட்டியாயிற்றா. தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்லவேண்டும். அனுமதி காலாவதியாகியிருந்தால் கலாசாரம் பேசவே தேவைப்படாது.

மனுவின் உடலில் இவ்வளவு இருந்தால் போதும்: பலகை நிற்கும் இடம், பாடசாலை வாசலிலிருந்து எத்தனை மீற்றர், படமெடுத்த திகதி, பெண்ணின் உடலுக்கும் விற்கும் பொருளுக்கும் தொடர்பில்லை என்ற ஒரு வசனம், பஸ் தரிப்பிடத்தில் மாணவிகள் முகங்கொடுக்கும் தொந்தரவு. பெண்களை ஒரே வார்ப்பில் காட்டும் வழக்கங்களை மாற்றுவதாக அரசு ஏற்றுக்கொண்ட சீடோ, அதாவது பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரையைச் சேருங்கள், இலங்கை அதை ஏற்றது 1981இல். கேலி செய்யும் பையன்களின் விஷயத்தைப் பாடசாலை தனியாகக் கவனிக்கும் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

அதற்கும் முன்னால் சந்தியில் டைல்ஸ் விற்கும் முதலாளியை இரண்டு அம்மாமார் போய்ப் பார்க்கட்டும். இப்படியான படம் அநேகமாகக் கொழும்பிலிருந்து கம்பனி அனுப்பியதாக இருக்கும், அவர் இடத்தை மட்டும் கொடுத்திருப்பார். மத்திய கிழக்கில் உழைத்து அனுப்பிய காசில் வீடு கட்டி, டைல்ஸ் தெரிவு செய்ய அவர் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று அவரிடமே கேளுங்கள். பழைய படத்துக்குப் பதில் என்ன போடுவது என்று அவர் கேட்டால் தடுமாறவேண்டாம்: ஈரத் தரையில் நிற்கும் ஒரு வயதானவரின் கால், டைல்ஸின் அளவு, பெட்டி விலை.

அன்புடன்,
அக்கா