டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனா உடம்பு மட்டும் நார்மலா இல்லையே டாக்டர்?

கேள்வி: வயசு 41. எட்டு மாசம் முன்னாடி அப்பாவுக்கு பக்கவாதம் வந்துச்சு, ஆபீஸ் வேலையோட சேர்த்து அவரையும் நான்தான் பாத்துக்கறேன். தலைவலி, கழுத்து இறுக்கம், திடீர்னு படபடப்பு, வயித்துல எரிச்சல், உப்புசம். அஞ்சு மாசமா முடி வேற கொத்துக்கொத்தா கொட்டுது. ஈசிஜி, தைராய்டு, சுகர் எல்லாம் நார்மல். டாக்டர் "டென்ஷன்தான்"னு அனுப்பிட்டார், வீட்ல "எல்லாம் உன் பிரமை"ங்கறாங்க. டென்ஷனால இவ்வளவு வருமா?

பதில்: வரும். உங்க வலி பிரமை இல்ல, நிஜ வலிதான். "டென்ஷன்தான்"னு நாங்க சொல்றது "ஒண்ணுமில்ல, கிளம்பு"ன்னு உங்க காதுல விழுதுன்னா அது எங்க பேச்சோட குறை, வெளிய பத்து பேர் காத்திருக்கும்போது விளக்கமா சொல்ல நாங்க மெனக்கெடறதில்ல.

ஒரு நாய் துரத்துதுன்னு வைங்க. மூளை தகவல் அனுப்பின நொடியே கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரீனல் சுரப்பில இருந்து அட்ரினலின்ங்கற ஹார்மோன் வந்துடும், கொஞ்ச நிமிஷத்துல பின்னாடியே கார்டிசால்ங்கற இன்னொரு ஹார்மோனும் ஏறும், இதயம் வேகமா அடிக்கும், கல்லீரல் ரத்தத்துல சர்க்கரைய இறக்கும், தசையெல்லாம் முறுக்கிக்கும், ஜீரணம் மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு ஓரமா போயிடும். நாய் போனதும் எல்லாம் அடங்கிடும். உங்க விஷயத்துல நாய் போகவே இல்லையே, ராத்திரி அப்பா இருமினா எழுந்துக்கணும், காலைல ஆபீஸ், அப்போ அந்த முறுக்கு எப்போதான் அவிழும்?

கழுத்தும் தலையும் வலிக்கறது பெரும்பாலும் அந்த முறுக்குதான். காலைல எழுந்ததும் தாடையும் வலிக்குதான்னு கவனிங்க, தூக்கத்துல பல்லைக் கடிக்கறது பலருக்கு தெரியறதே இல்ல.

முடிதான் இதுல எனக்கு ரொம்ப சுவாரஸ்யம். பெரிய அதிர்ச்சி வந்தா வளந்துட்டிருக்கற முடில ஒரு பங்கு ஒரேடியா ஓய்வுக்கு போயிடும், ஆனா உடனே கொட்டாது, ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான் உதிரும். அப்பா படுத்தது எட்டு மாசம் முன்னாடி, முடி கொட்ட ஆரம்பிச்சது அஞ்சு மாசம் முன்னாடி, கணக்கு சரியா வருது பாத்தீங்களா. வேர் சாகல, திரும்ப வளரும். இருந்தாலும் இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டற ஃபெரிட்டின் டெஸ்ட் எடுக்கலைன்னா அதையும் பாத்துடுங்க.

இன்னொண்ணு, உங்கள மாதிரி வீட்ல நோயாளியப் பாத்துக்கறவங்கள வச்சே 1995ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்துச்சு, மறதி நோய் வந்த சொந்தக்காரங்கள கவனிச்சுக்கற 13 பெண்களுக்கு தோல்ல ஒரு சின்ன காயம் வச்சு பாத்தாங்க, அதே வயசுல அந்தப் பொறுப்பு இல்லாதவங்கள விட சராசரியா 9 நாள் அதிகமா ஆச்சு ஆறறதுக்கு. சின்ன ஆய்வுதான், ஆனா தோல்ல மெதுவா ஆறற காயம் பிரமை இல்லையே, வீட்ல இருக்கறவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.

ஆனா வயித்து எரிச்சலை மட்டும் டென்ஷன் தலைல கட்ட எனக்கு மனசு வரல. அல்சருக்கு காரணமே கவலையும் அமிலமும்தான்னு ரொம்ப காலம் டாக்டர்களே நம்பினோம், 1982ல மார்ஷல், வாரன்னு ரெண்டு ஆஸ்திரேலிய டாக்டர்கள்தான் ஹெலிகோபாக்டர்ங்கற கிருமியக் கண்டுபிடிச்சாங்க, 2005ல நோபல் பரிசும் வாங்கினாங்க. அதனால அந்தக் கிருமிக்கு மூச்சு டெஸ்டோ மல டெஸ்டோ கேட்டு எடுங்க. மலம் கறுப்பா போனா, காரணமில்லாம எடை குறைஞ்சா தள்ளிப்போடாதீங்க. நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினா, இதுவரை வராத மாதிரி தலை இடி விழுந்தாப்ல வலிச்சா, அன்னிக்கு "டென்ஷன்தான்"னு படுத்துடாம நேரா எமர்ஜென்சிக்கு போங்க.

இப்போ என்ன பண்றது? "டென்ஷனாகாதீங்க"ன்னு சொல்ல மாட்டேன், அது நனையாதீங்கன்னு மழைல நிக்கறவர்கிட்ட சொல்ற மாதிரி. வாரத்துல ரெண்டு ராத்திரியாவது அப்பா பக்கத்துல வேற யாராவது படுக்க முடியுமான்னு கூடப்பொறந்தவங்ககிட்ட வாய்விட்டு கேளுங்க, என்னைக் கேட்டா உங்களுக்கு மொத மருந்து அந்த ரெண்டு தூக்கம்தான். தினமும் அரை மணி நேரம் நடங்க. படபடப்பு வந்தா மூச்ச இழுக்கறத விட விடறதுக்கு ரெண்டு மடங்கு நேரம் எடுத்துக்கங்க, வெளிய விடும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். தூக்கம் போய், எதுலயும் நாட்டமில்லாம ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா மனநல டாக்டரப் பாக்க தயங்காதீங்க.

தலைவலிக்கு மாத்திரை போடறீங்களான்னு எழுதலையே. சாதா பாராசிட்டமாலே மாசத்துக்கு 15 நாள், பல மருந்து கலந்த மாத்திரைன்னா 10 நாள், அந்த அளவுக்கு மாசக்கணக்கா போட்டுட்டிருந்தா அந்த மாத்திரையே தலைவலிய உண்டாக்கும். இந்த மாசம் போட்ட நாளையெல்லாம் காலண்டர்ல சுழிச்சு வச்சு, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது கையோட எடுத்துட்டு போங்க.