‘யாரிடமும் சொல்லாதீங்க டீச்சர்’: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

31 ஆண்டுகள் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். அதில் பெரும்பாலான ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பு ஆசிரியை. பள்ளியைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. வகுப்பில் எதைக் கேட்டாலும் அதே நாலு பிள்ளைகள்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்களுக்குப் புரியவில்லையா, பயமா?

இரண்டும் இருக்கலாம். ஆனால் முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கேள்வி கேட்டு முடித்தபின் எத்தனை நொடி சும்மா இருக்கிறீர்கள்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதற்குள் விடை வராவிட்டால் அடுத்தவரிடம் தாவினார்கள், அல்லது தாங்களே விடையைச் சொல்லிவிட்டார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீளமாயின, வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கவும் ஆரம்பித்தார்கள்.

கரும்பலகை முன்னால் நிற்பவருக்கு அந்த மூன்று நொடி பெரிய நேரமாகத் தெரியும். நான் மனசுக்குள் எண்ணிப் பழகினேன். இன்னொன்று, கேள்வியை முதலில் கேளுங்கள், பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற எல்லோரும் அந்த நிமிஷமே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

தப்பான விடை வரும்போது உங்கள் முகம் என்ன செய்கிறது என்பதைத்தான் வாய் திறக்காத பிள்ளைகள் கவனித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு முறை ஒரு பையன் எழுந்து, “செடி மண்ணைத் தின்னுதான் பெருசாகுது டீச்சர்” என்றான். வகுப்பே சிரித்தது. அவன் காது சிவந்துவிட்டது. “உட்காரு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்தான். அதற்குப் பதிலாக, பெரிய பெரிய அறிஞர்களே நூற்றாண்டுக் கணக்கில் நம்பியது அதைத்தான் என்றேன். வான் ஹெல்மான்ட் என்பவர் எடைபோட்ட மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்த கதையைச் சொன்னேன். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. “அப்போ அந்த எடை எங்கிருந்து வந்துச்சு?” என்று முதலில் கேட்டவன் அதே பையன்தான். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை நான் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் அவனுடைய தப்பு விடையிலிருந்துதான் தொடங்கினேன்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவி. ஒரு பாடத்தை நாலு தடவை கோடு போட்டுப் படிக்கிறேன். அப்போது எல்லாம் தெரிகிறது. பரீட்சையில் மறந்துபோகிறது. எனக்கு ஞாபகசக்தி இல்லையா?

ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை, மகளே. நீ படிக்கும் முறையில்தான் சிக்கல். திரும்பத் திரும்பப் படிக்கும்போது எழுத்து கண்ணுக்குப் பழகிப்போகும். அந்தப் பழக்கத்தை ‘தெரியும்’ என்று மனசு எடுத்துக்கொள்ளும். பரீட்சையில் புத்தகம் கண்ணெதிரே இல்லையே.

2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை அல்லவா?

அதனால் ஒரு தடவை படி, புத்தகத்தை மூடு, வெள்ளைத்தாளில் ஞாபகம் வந்ததை எல்லாம் எழுது. பாதிகூட வராது. வருத்தப்படாதே, தேடி எடுக்கும் அந்தச் சிரமம்தான் பாடத்தைப் பதியவைக்கிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேர்த்து எழுது. மறுநாள் ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை இதையே செய். கோடு போடும் பேனாவை யாருக்காவது கொடுத்துவிடு.

கேள்வி: மகனுக்கு 15 வயது. ராத்திரி பதினொன்றரை வரை தூக்கம் வருவதில்லை, காலையில் எழுப்பவே முடியவில்லை. இது சோம்பல்தானே?

முழுக்கச் சோம்பல் இல்லை. இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு சிறு பிள்ளைகளைவிடத் தாமதமாகத் தொடங்குகிறது. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், இந்த வயதினரின் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றே சொன்னது. பள்ளி நேரம் உங்கள் கையில் இல்லை. போனை இரவில் அவன் அறைக்கு வெளியே வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. திட்டி எழுப்புவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு மாணவி, “ஒண்ணு சொல்லணும், ஆனா யாரிடமும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்கிறாள். என்ன செய்ய?

சத்தியம் செய்யாதீர்கள். நான் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எந்தத் தொந்தரவும் கொடுக்காதவள், அதனாலேயே யார் கண்ணிலும் படாதவள். அவள் ரெக்கார்டு நோட்டைத் திருத்தும்போது கையெழுத்து வாரத்துக்கு வாரம் சிறுத்துக்கொண்டே வந்ததைக் கவனித்தேன். வருகைப் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. காலையில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்முன் வந்து நிற்பாள், மாலையில் கடைசியாகத்தான் போவாள். ஒரு நாள் ஆய்வகத்தில் பீக்கரைக் கழுவிக்கொண்டே உங்கள் மாணவி கேட்டதைத்தான் அவளும் கேட்டாள். அவள் பேசவேண்டுமே என்ற அவசரத்தில் ‘சத்தியம்’ என்றேன். வீட்டில் ஒருவர் தன்னை அடிப்பதாகச் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு மூடி வைக்க முடியுமா? அன்றைக்கே தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். சொன்னது சரி. சத்தியம் செய்ததுதான் தப்பு. மறுநாள் வராந்தாவில் என்னைப் பார்க்காமலே கடந்துபோனாள். வீட்டில் நம்பிக்கை போய், பள்ளியிலும் ஒருத்தியை நம்பி ஏமாந்தேன் என்றுதானே அந்தப் பிள்ளை நினைத்திருப்பாள்?

அதற்குப் பிறகு பிள்ளைகளிடம் நான் சொல்லிவந்தது இதுதான்: “நீ சொல்றதை ஸ்டாஃப் ரூமில் பேச மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்.” இதைக் கேட்டுவிட்டுச் சிலர் எழுந்து போனார்கள். நான் தடுக்கவில்லை. போனவர்களில் பலர் சில நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். அதற்குள் நம் கண் அவர்கள் மேல் இருக்க வேண்டும். கவலை கூடினால் அவர்கள் வாய் திறக்கும்வரை காத்திராமல், பொறுப்பில் இருப்பவரிடம் அந்தக் கவலையைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் பேசத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். “யார் அடிச்சது, அப்பாவா?” என்று விடையை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். “என்ன நடந்தது?” போதும். இங்கே மூன்று நொடி போதாது, மூன்று நிமிடம்கூட மௌனமாக உட்கார வேண்டியிருக்கும். “நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்லை” என்று சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி நேரத்தோடு, அன்றைக்கே எழுதிவைத்து, பள்ளியில் இதற்குப் பொறுப்பானவரிடம் ஒப்படையுங்கள். நீங்களே விசாரிக்கக் கிளம்பாதீர்கள். அவள் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்காதீர்கள், அது அவளை இன்னும் ஆபத்தில் தள்ளலாம். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு பிள்ளைகளை வன்முறையிலிருந்து காக்கச் சொல்கிறது. 12-ஆம் பிரிவு அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்கள் பேச்சையும் கேட்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது அவளுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

என் மாணவிக்கு உதவி கிடைத்தது. என்னோடு மட்டும் மூன்று வாரம் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தினமும் வருகை எடுக்கும்போது அவள் பெயரை மற்ற பெயர்களைப் போலவே கூப்பிட்டேன். மூன்றாவது வாரக் கடைசியில் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். இதயத்தின் படத்தில் பெருந்தமனிக்கு அம்புக்குறி போடாமல் விட்டிருந்தாள். சுட்டிக்காட்டினேன். என் பென்சிலை எடுத்து, அங்கேயே நின்று போட்டுவிட்டு, “இப்ப சரியா டீச்சர்?” என்றாள்.