பிள்ளை கவுன்சிலின் பொறுப்பில், கவுன்சிலை யார் கேட்பது?

கேள்வி: என் தங்கை நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டி வந்ததால், 13 வயது மகனைத் தானே கையெழுத்துப் போட்டு கவுன்சிலின் பராமரிப்பில் விட்டாள். எட்டு மாதத்தில் மூன்று இடம். இப்போது இலண்டனிலிருந்து நான்கு மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். சோஷியல் வொர்க்கரும் அடிக்கடி மாறுகிறார். எங்கள் வட்டாரக் கவுன்சிலரிடம் போனால், "தனிப்பட்ட கேஸ், நான் தலையிட முடியாது" என்கிறார். அப்படியானால் வேறு யாரிடம் போவது?

பதில்: சகோதரி, கவுன்சிலர் சொன்னது பாதிதான் சரி. அவனுடைய ஃபைலைத் திறக்கவோ, அவனை இங்கே வை அங்கே வை என்று அதிகாரிக்குச் சொல்லவோ அவரால் முடியாது, பிள்ளையின் அந்தரங்கம் அப்படித்தான் காக்கப்படுகிறது. ஆனால் நம் கவுன்சிலின் பொறுப்பில் உள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரே வருஷத்தில் மூன்று இடமோ அதற்கு மேலோ பார்த்தார்கள், எத்தனை பேர் ஊரைவிட்டு வெகு தூரத்தில் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் பையன்.

தங்கை விரும்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அது 1989 சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவு. நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாதவரை பெற்றோர் உரிமை முழுவதும் அவரிடமே இருக்கிறது, கவுன்சிலுக்குப் போகவில்லை. சட்டப்படி அவர் எப்போது வேண்டுமானாலும் மகனைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். ஆனால் கோபத்தில் போய் அழைத்து வந்துவிடாதீர்கள், பிள்ளைக்கு ஆபத்து என்று கவுன்சில் நினைத்தால் நீதிமன்றம் போகும், ஆகவே ஒரு குடும்ப வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு அந்த அடியை வையுங்கள்.

அடுத்தது நீங்கள். பெற்றோரிடம் விட முடியாதபோது, சொந்தக்காரர் யாராவது வளர்க்க முடியுமா என்பதைத்தான் கவுன்சில் முதலில் பார்க்க வேண்டும், அதே சட்டத்தின் 22சி பிரிவு அதைத்தான் சொல்கிறது. பெரியம்மா நீங்கள் இருக்கிறீர்கள், உங்களை யாராவது கேட்டார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நான் வைத்துக்கொள்ளத் தயார், என்னை மதிப்பீடு செய்யுங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். உறவினரை 16 வாரத்துக்குத் தற்காலிக வளர்ப்புப் பெற்றோராக ஏற்க விதி இருக்கிறது, அதற்குப் படித்தொகையும் உண்டு, பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம்.

அப்புறம் அந்த நான்கு மணி நேரம். சொந்த கவுன்சில் எல்லையையும் பக்கத்து கவுன்சில்களையும் தாண்டி ஒரு பிள்ளையை வைப்பதென்றால், சிறுவர் சேவை இயக்குநரே அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் எங்கே, எந்தத் தேதி என்று தங்கையின் பெயரில் எழுத்தில் கேளுங்கள்.

இதையெல்லாம் கவனிக்கத்தான் ஐ.ஆர்.ஓ. என்ற சுயாதீன மீளாய்வு அதிகாரி ஒருவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிறார். முதல் மீளாய்வு 20 வேலை நாளுக்குள், அடுத்தது மூன்று மாதத்துக்குள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆக, எட்டு மாதத்தில் குறைந்தது இரண்டு மீளாய்வாவது நடந்திருக்க வேண்டும். அதோடு, உடனடி ஆபத்து போன்ற அவசரம் இல்லாவிட்டால் மீளாய்வு செய்யாமல் இடத்தை மாற்றவும் கூடாது. அந்தக் குறிப்புகள் வீட்டில் இருக்கின்றனவா?

வேறொரு பையனுக்காக நான் போன ஒரு மீளாய்வு எனக்கு இன்னும் மறக்கவில்லை. பராமரிப்புத் திட்டத்தில் "மொழி" என்ற கட்டத்தில் "ஆங்கிலம்" என்று மட்டும் இருந்தது. பையன் அம்மம்மாவோடு போனில் தமிழில்தான் கதைப்பான், அது அவனை வைத்திருந்த வளர்ப்பு வீட்டாருக்குப் புரியவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டு ஆங்கிலத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது. "சாப்பிட்டியா" கூட ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாத அந்த அம்மா போனைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். பிள்ளையின் மதம், இனம், பண்பாடு, மொழி இவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 22ஆம் பிரிவு கவுன்சிலுக்குக் கடமை வைத்திருக்கிறது. ஐ.ஆர்.ஓ. அன்றைக்கே அந்தக் கட்டத்தைத் திருத்த வைத்தார். உங்கள் பையனின் திட்டத்தில் அந்த வரியைப் பாருங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் முறைப்படி புகார். முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலை நாள், சிக்கலான விஷயமென்றால் 20. திருப்தி இல்லையென்றால் சுயாதீன நபர் ஒருவரோடு நடக்கும் விசாரணை, 25 வேலை நாள், அதை 65 வரை நீட்டலாம், பிறகு மறுபரிசீலனைக் குழு, கடைசியில் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மன். பெரியம்மா புகாரை ஏற்பதா என்று கவுன்சில் யோசிக்கக்கூடும், அதனால் தங்கையின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். பையனும் தானே புகார் கொடுக்கலாம், அவனுக்காகப் பேச ஒருவரைக் கவுன்சிலே ஏற்பாடு செய்து தர வேண்டும்.

சரி, கவுன்சிலர். 2004 சிறுவர் சட்டப்படி சிறுவர் சேவைக்கென்றே பொறுப்பேற்ற கவுன்சிலர் ஒருவர் இருந்தாக வேண்டும், 2017 சிறுவர் மற்றும் சமூகப்பணிச் சட்டம் கவுன்சில் முழுவதையும் இந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் போல நடக்கச் சொல்கிறது. அந்தப் பொறுப்புக் கவுன்சிலருக்கும் உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கும் பையன் பெயரைப் போடாமல் நான் மேலே எழுதிய அந்த எண்ணிக்கைகளைக் கேட்டு எழுதுங்கள், பதிலை, கவுன்சிலின் வேலையைக் கேள்வி கேட்கும் கவுன்சிலர்களின் பரிசீலனைக் குழுவில் வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கூட்டங்கள் பொதுவாக மக்களுக்குத் திறந்தவை, நிகழ்ச்சி நிரல் ஐந்து நாள் முன்பே வெளியாகிவிடும், போய் உட்காருங்கள். கேட்பவர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று தென் இலண்டனின் லாம்பெத் கவுன்சில் காட்டியது: அங்கே கவுன்சிலின் இல்லங்களில் வளர்ந்த 705 பேர் பாலியல் கொடுமை பற்றி முறையிட்டிருந்ததை 2021இல் தேசிய விசாரணை அறிக்கை பதிவுசெய்தது. பல பத்தாண்டுகள் அது நடந்திருக்கிறது.

தங்கை பேனா பிடிக்கும் நிலையில் இருந்தால், ஐ.ஆர்.ஓ.வுக்கான கடிதத்தை இந்த வாரமே ஆஸ்பத்திரியிலேயே எழுதி வாங்குங்கள். பையன் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த மொழியில் அம்மாவோடு கதைக்கலாம் என்பதையும் அதில் கேளுங்கள்.