தாய் மரம் எங்கே என்று கேளுங்கள்

கேள்வி: ஊர்ப் பொதுத் தோப்புக்கு 'இமாம் பசந்த் ஒட்டு' என்று 40 கன்று வாங்கினோம். நான்கு வருஷம் கழித்துக் காய்த்தது நார் மாங்காய். பில் இருக்கிறது. (சேலம்)

பதில்: நான்கு வருஷ உழைப்பு போய்விட்டதே என்று வயிறு எரிகிறது. தவறு உங்களுடையது இல்லை. மரத்தையும் காயையும் படம் எடுங்கள். தோட்டக்கலை அலுவலரை வரவழைத்து, என்ன ரகம் என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தீராவிட்டால் தாமதிக்காமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. 'விவசாயி நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லும். விதை வழக்கு ஒன்றில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

கேள்வி: முகநூலில் படம் பார்த்து 25 'அரிய சிவப்புப் பலா' வாங்கினோம். பில் தரவில்லை, முகவரியும் தெரியாது. (மதுரை)

பதில்: ஊரார் பணத்தை இப்படியா கொடுப்பது? பணம் அனுப்பிய பதிவோடு சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் செய்யுங்கள்.

கேள்வி: பண்ருட்டியில் சாப்பிட்ட பலாவின் கொட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். எப்போது ஊன்றலாம்? (விழுப்புரம்)

பதில்: இன்றே. காய்ந்தால் முளைக்காது. முளைத்தாலும் அதே சுளை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், அதற்கு ஒட்டுக்கன்றுதான்.

கேள்வி: சிறுமலை வாழைக் கன்று ஒரு தோட்டத்தில் இலவசமாகத் தருகிறார்கள். (திண்டுக்கல்)

பதில்: வேண்டாம். மலைவாழையைச் சிறுமலையில் அழித்ததே முடிக்கொத்து நோய்தான். பார்வைக்கு நல்ல கன்றிலும் அது இருக்கலாம். பரிசோதித்த திசு வளர்ப்புக் கன்றுக்குத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: ஒட்டுக்கன்றில் எதைப் பார்த்து வாங்குவது? (தேனி)

பதில்: நானும் ஏமாந்தவன். கொல்லைக்கு ஆறு மல்கோவா வாங்கி ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றினேன். ஒட்டிய குச்சி முன்பே கருகி, அடியில் வேருக்காக வைத்த செடிதான் தழைத்திருந்தது. அட்டையில் மட்டும் மல்கோவா. ஆகவே அட்டையைப் படிக்காதீர்கள், ஒட்டுக் கட்டிய இடத்தைப் பாருங்கள். தழை ஒட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே கிளைத்தால் கிள்ளிவிட வேண்டும். தாய் மரம், அதாவது ஒட்டுக்குக் குச்சி எடுத்த மரம், எங்கே என்று கேளுங்கள். காட்டாத நர்சரியில் ஒரு கன்றுகூட வாங்காதீர்கள். ஊருக்கு ஊர், யார் வீட்டுக் கொல்லையிலோ நீங்கள் தேடும் அரிய மாமரம் இன்னும் நிற்கும். வீட்டுக்காரரைக் கேட்டு, மூன்று நான்கு மாத முற்றிய குச்சியில் இலையைக் கழித்துவிடுங்கள். ஒரு வாரத்தில் மொட்டு புடைக்கும். அப்போது வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றே ஒட்டுக்கட்டுபவரிடம் கொடுங்கள்.