பாட்டும் நடிப்பும் ஒரே ஒப்பந்தத்தில்: சாரா ஹெரோனிமோ பற்றி வாசகர் கேள்விகள்

பிலிப்பைன்ஸின் பாப் பாடகி, நடிகை சாரா ஹெரோனிமோ பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கே: ஜெரோனிமோவா, கெரோனிமோவா? எப்படிச் சொல்வது?

ஹெரோனிமோ. 1565 முதல் 1898 வரை அங்கே ஸ்பெயின்காரர்களின் ஆட்சி. குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் அவர்கள் விட்டுப்போனவை. ஸ்பானிய மொழியில் எகரத்தோடு சேரும் 'ஜி' எழுத்து ஹகரமாகவே ஒலிக்கும். பத்திரிகைகள் அவரை 'பாப்ஸ்டார் ராயல்ட்டி' என்று எழுதும். ரசிகர் கூட்டத்துக்குப் பெயர் பாப்ஸ்டர்ஸ்.

கே: பாட்டுப்போட்டியில் ஜெயிப்பவர்கள் வருடத்துக்கு நாலு பேர். அடுத்த வருடம் பெயர்கூட ஞாபகம் இருப்பதில்லை. இவர் மட்டும் இருபது வருடம் தாண்டி நிற்பது எப்படி?

2003 மார்ச்சில் 'ஸ்டார் ஃபார் எ நைட்' போட்டியின் இறுதிச்சுற்று நடந்தபோது அவருக்கு வயது 14. செலின் டியானின் 'டு லவ் யூ மோர்' பாட்டைப் பாடி ஜெயித்தார். பரிசு 10 லட்சம் பெசோ. கூடவே விவா நிறுவனத்தின் மேலாண்மை ஒப்பந்தம். நின்று பேசியது இந்த இரண்டாவதுதான்.

விவா 1981-இல் படக் கம்பெனியாகத் தொடங்கியது. ஷரோன் குனெட்டா என்ற பதின்வயதுப் பாடகியைக் கதாநாயகியாகப் போட்டு முதல் படம் எடுத்தார்கள். பாடகியை நடிக்க வைப்பது அந்த வீட்டுக்குப் பழக்கமான சமையல். சாரா வந்து சேர்ந்தபோது விவாவுக்குப் படத்தயாரிப்பு, இசைவெளியீடு, கலைஞர் மேலாண்மை என்று மூன்று கிளைகளும் இருந்தன. பாட்டு ஓரிடம், படம் ஓரிடம், மேலாளர் ஓரிடம் என்றிருந்தால் ரிக்கார்டிங் நாளில் படப்பிடிப்பும் வந்து மோதும். யார் விட்டுக்கொடுப்பது என்பதிலேயே முதல் வருடம் போய்விடும். கால்ஷீட் நோட்டு ஒரே மேசையில் இருந்தால் அந்தத் தலைவலி பாதியாகக் குறையும்.

போட்டியில் ஜெயிப்பவர்கள் காணாமல் போக இன்னொரு காரணம் உண்டு. மேடையில் அவர்கள் பாடியதெல்லாம் அடுத்தவர் பாட்டு. "நன்றாகப் பாடும் பெண்" என்று ஊர் பேசும். "இது அவள் பாட்டு" என்று சொல்ல ஒன்று இருக்காது. சாராவின் முதல் ஆல்பம் அதே 2003-இல் வந்துவிட்டது. அதில் வெனி சட்டுர்னோ எழுதிய 'ஃபாரெவர்ஸ் நாட் இனஃப்' அவருக்கென்று ஒரு பாட்டாக நின்றது. ஜெயித்த சூடு ஆறுவதற்குள் சொந்தப் பாட்டு வந்துவிட வேண்டும் என்பதை அந்த ஊர் மேலாளர்கள் அறிந்தே செய்தார்கள்.

கே: நம் சினிமாவில் பாடுபவர் திரைக்குப் பின்னால், நடிப்பவர் முன்னால். அங்கே மட்டும் ஏன் ஒரே ஆள்?

நம்மிடமும் எம்.கே.டி., கே.பி. சுந்தராம்பாள் காலத்தில் ஒரே ஆள்தான். பின்னணிப் பாடல் வந்து இருவராகப் பிரித்தது. அங்கே அந்தப் பிரிவு இந்த அளவுக்கு வரவில்லை. கதாபாத்திரம் வாயசைக்கப் படத்துக்கு ஐந்து பாட்டு என்ற வழக்கம் அங்கே இல்லை. ஒரு தீம் பாட்டு இருக்கும். அதைப் பாடுபவரே நாயகியாக இருந்தால் பாட்டு படத்துக்கு விளம்பரம், படம் பாட்டுக்கு விளம்பரம்.

வழியும் பழையது. நோரா ஆனோர், பீக்கோல் பகுதியின் இரிகா ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்ற சிறுமி. 1967-இல் 'தாவாக் நங் தங்காலன்' போட்டியில் ஜெயித்தார், பாடகியானார், படத்துக்கு வந்தார், 1982-இல் 'ஹிமாலா'வில் நடித்ததை இன்றும் பேசுகிறார்கள். 2022-இல் தேசியக் கலைஞர் பட்டம் பெற்றார். 2025 ஏப்ரலில் காலமானார். சாரா ஜெயித்த போட்டியின் தொகுப்பாளர் ரெஜீன் வெலாஸ்கெஸும் 1984-இல் ஒரு போட்டியில் ஜெயித்து வந்து, பிறகு காதல் படங்களில் நாயகியானவர். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் சாரா நடிக்கப் போனதில் ஆச்சரியம் இல்லை.

கே: அவர் படப் பெயர்களெல்லாம் ஆங்கிலப் பாட்டு மாதிரி இருக்கிறதே?

மாதிரி என்ன, பாட்டேதான்! 'எ வெரி ஸ்பெஷல் லவ்' (2008), 'யூ சேஞ்ச்டு மை லைஃப்' (2009), 'வோன்ட் லாஸ்ட் எ டே வித்தவுட் யூ' (2011), 'மேபி திஸ் டைம்' (2014) எல்லாமே பழைய ஆங்கிலப் பாட்டுகளிலிருந்து எடுத்த தலைப்புகள். அம்மா காலத்தில் ரேடியோவில் கேட்ட பாட்டு, மகள் காலத்து நாயகி குரலில். தலைப்பைப் படித்ததுமே தியேட்டர் வாசலில் நிற்பவர் மனசுக்குள் மெட்டு ஓட ஆரம்பித்துவிடும். விளம்பரச் செலவில் பாதி அங்கேயே மிச்சம்.

முதல் இரண்டும் ஜான் லாயிட் குரூஸுடன். விவாவும் ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சிக் குழுமத்தின் ஸ்டார் சினிமாவும் சேர்ந்து எடுத்தவை. இயக்கம் கேத்தி கார்சியா மோலினா. கதை எளிது: முதலாளியை தூரத்திலிருந்தே காதலிக்கும் லைடா மாக்தாலாஸ் என்ற பெண் அவன் அலுவலகத்திலேயே வேலைக்கு வந்து சேர்கிறாள். 2013-இல் மூன்றாம் பாகம். அங்கே படங்கள் வழக்கமாகப் புதன்கிழமை வெளியாகும். இது புனித வாரம் முடியும் சனிக்கிழமை, மார்ச் 30 அன்று வந்தது. பெரிய வியாழனும் வெள்ளியும் மூடிக்கிடந்த கொட்டகைகள் திறந்ததும் முதல் கூட்டம் இதற்கு.

ஜோடியைப் பார்த்து வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்குமே, அந்த உணர்வுக்கு அவர்கள் மொழியில் 'கிலிக்' என்று பெயர். அதைத் தரும் ஜோடிக்கு லவ் டீம். லவ் டீமில் ஒரு சிக்கல்: ஜோடி பிரிந்தால் இருவர் மார்க்கெட்டும் விழும். சாராவுக்கு அந்த வீழ்ச்சி வரவில்லை. ஜெரால்டு ஆண்டர்சன், கோகோ மார்ட்டின், பியோலோ பாஸ்குவல் என்று நாயகர்கள் மாறினார்கள்; பார்வையாளர் வந்தது அவருக்காக. எங்கள் கணிப்பில் நடிகையாக அவருடைய தைரியமான படம் 2018-இன் 'மிஸ் கிரானி'. கொரியப் படத்தின் மறுஆக்கம். எழுபது வயதுப் பாட்டி திடீரென்று இளம்பெண் ஆகிவிடுகிறாள். பாட்டியாக நோவா வில்லா, இளமையில் சாரா. உடம்பு இருபது, நடையும் வாயும் எழுபது. காதல் படங்களில் காட்ட வாய்க்காத நகைச்சுவை அதில் வெளிப்பட்டது.

கே: பகலெல்லாம் படப்பிடிப்பில் அழுது, வார இறுதியில் மேடையில் உச்சஸ்தாயியில் பாடினால் குரல் என்ன ஆகும்?

கெடும். அந்த ஊர்ப் பாடகிகளுக்கு இதுதான் முதல் ஆபத்து.

பிலிப்பைன்ஸ் ரசிகர் எழுந்து நின்று கைதட்டுவது 'பிரிட்'டுக்கு. நெஞ்சுக்குரலின் கனத்தை விடாமல் மேலே ஏற்றி, அங்கேயே உரக்க நிறுத்துவது அது. ஒரு கட்டை சுருதியில் மேல் ஸட்ஜமத்தைப் பிடித்தால் குரல்நாண்கள் நொடிக்கு 523 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரம் என்றால் 659. போதாக்குறைக்குக் கடைசிப் பல்லவியில் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ தூக்குவதும் அங்கே வழக்கம்.

இப்போது அழுகைக் காட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விம்மும்போது தொண்டை இறுகிய நிலையில் காற்று பிய்த்துக்கொண்டு வெளியேறும். அதையே ஏழெட்டு டேக் செய்தால் நாண்களின் விளிம்பு வீங்கும். வீங்கிய நாண் கனமானது. மெல்லிய காற்றுக்கு அசையாது, பலமாக ஊதினால்தான் அசையும். அதனால் முதலில் போவது மெல்லிய மேல்ஸ்வரம். உரத்த குரல் வந்துகொண்டுதான் இருக்கும். "குரல் இருக்கிறதே" என்று ஏமாந்து மேடையேறுவது இந்த இடத்தில்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி: காலையில் பிறந்தநாள் பாட்டின் முதல் வரியை, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவு மெதுவாக, முடிந்தவரை உயரமான சுருதியில் பாட வேண்டும். ஸ்வரம் உடனே பிடிக்காமல் முதலில் வெறும் காற்று வந்து, பிறகு ஒலி வந்தால் வீக்கம் இருக்கிறது. அன்று பிரிட் கூடாது. பாட்டை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிப் பாட வேண்டும்.

இசைக்குழு உடனிருந்தால் இறக்குவது எளிது. மால் நிகழ்ச்சிகளில் குரல் நீக்கிய இசைத்தடம்தான் ஓடும். அங்கே அதற்கு 'மைனஸ் ஒன்' என்று பெயர். ஒரே சுருதியில் எடுத்து வந்துவிட்டால் மாட்டிக்கொண்டது மாட்டிக்கொண்டதுதான். கவனமானவர்கள் அசல், அரைக் கட்டை கீழ், ஒரு கட்டை கீழ் என்று மூன்று தடங்களைத் தயாராக வைத்திருப்பார்கள்.

கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று நினைப்பது தவறு. பலருக்கு அதுவும் நாண்களை இறுக்கும். தொண்டையைச் செருமுவது அதைவிடக் கெடுதல். மரத்துப்போக வைக்கும் மிட்டாயைப் போட்டுக்கொண்டு பாடினால் வலி தெரியாது, காயம் மட்டும் வளரும். பேக்கப் ஆனதும் நள்ளிரவில் சாப்பிட்டுப் படுத்தால் அமிலம் மேலே வந்து காலையில் கரகரப்பு; சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது வேண்டும்.

2019-இல் நடிகர் எடி கார்சியா படப்பிடிப்பில் விபத்துக்குள்ளாகி இறந்த பிறகு வேலைநேரம் பற்றிய பேச்சு பெரிதானது. அவர் பெயரிலான சட்டம் 2024 மே மாதம் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், நீட்டித்தால் 12, வாரத்துக்கு 60-க்கு மேல் கூடாது. சாராவின் படங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே முடிந்துவிட்டன.

கே: 14 வயதுச் சிறுமியோடு ஒப்பந்தம். சட்டம் கேட்காதா?

அவர் ஜெயித்த அதே 2003-இன் டிசம்பரில் குழந்தை உழைப்பு பற்றிய 9231-ஆம் சட்டம் வந்தது. 15 வயதுக்குக் கீழே என்றால் தொழிலாளர் துறை அனுமதி வேண்டும். நாளுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20. இரவு 8 முதல் காலை 6 வரை வேலை கூடாது. 15 முதல் 17 வரை என்றால் நாளுக்கு 8, வாரத்துக்கு 40. இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது.

பணத்துக்கும் கணக்கு உண்டு. குழந்தையின் வருமானத்தில் குடும்பப் பொதுச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆண்டு வருமானம் 2 லட்சம் பெசோவை எட்டினால் குறைந்தது 30 சதவீதத்தை அறக்கட்டளைக் கணக்கில் போட வேண்டும். பதினெட்டு வயதானதும் அது குழந்தையின் கைக்கு வரும்.

கே: 'தாலா' 2016-இல் வந்த பாட்டு. 2019 கடைசியில் திடீரென்று ஊரே ஆடியது ஏன்?

'தாலா' என்றால் தகாலோக் மொழியில் நட்சத்திரம். நிக்கா டெல் ரொசாரியோ உள்ளிட்டோர் எழுதியது. நடனம் ஜி-ஃபோர்ஸ் குழுவின் ஜார்செல் தபாட்-சி. வந்தபோதே பிடித்த பாட்டுதான். ஆனால் வெறி பிடித்தது மூன்று வருடம் கழித்து.

நடனத்தைக் கவனித்தால் காரணம் புரியும். பல்லவி அசைவுகள் பெரும்பாலும் கையிலும் தோளிலும் இருக்கின்றன, திரும்பத் திரும்ப வருகின்றன. இடுப்பளவு மட்டும் தெரியும் செல்போன் வீடியோவுக்கு இதைவிடத் தோதான நடனம் கிடையாது. பால்புதுமையினர் சமூகம் அதைக் கொண்டாடி எடுத்துக்கொண்டது. பிறகு பள்ளி, அலுவலகம், போலீஸ் என்று பரவியது.

ஆடிக்கொண்டே பாட முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூச்சு முட்டுவது பல்லவியில் அல்ல, ஆட்டம் முடிந்து அடுத்த சரணம் எடுக்கும் முதல் வரியில். முதலில் நடந்துகொண்டே முழுப் பாட்டையும் பாடிப் பழகி, பிறகு மெதுவாக ஓடிக்கொண்டே பாடி, அதற்கப்புறம்தான் அசைவுகளைச் சேர்க்க வேண்டும்.

கே: ரேடியோவில் ஆங்கிலப் பாட்டே அதிகம் ஓடும் நாட்டில் சொந்தப் பாட்டுக்கு இடம் உண்டா?

1987-இல் கொரசோன் அக்கினோ பிறப்பித்த 255-ஆம் நிர்வாக ஆணைப்படி இசை ஒலிபரப்பும் நிலையங்கள் மணிக்குக் குறைந்தது 4 பிலிப்பைன்ஸ் பாட்டுகளைப் போட வேண்டும். இந்த வகைப் பாட்டுகளுக்கு ஓபிஎம் (ஒரிஜினல் பிலிப்பினோ மியூசிக்) என்று பொதுப்பெயர்.

கே: ஏபிஎஸ்-சிபிஎன் மூடியது அவரைப் பாதித்ததா?

2020 மே 4-இல் உரிமம் முடிந்தது. மறுநாள் ஒளிபரப்பு நின்றது. ஜூலை 10-இல் நாடாளுமன்றக் குழு 70-க்கு 11 என்ற கணக்கில் புதிய உரிமத்தை மறுத்தது. பாடகர்களுக்கு அங்கே வாராவாரம் முகம் காட்டும் இடம் ஞாயிறு நண்பகல் இசை நிகழ்ச்சி. சாரா பல வருடம் பாடிய 'ஆசாப்' அந்தச் சேனலுடையது. நிகழ்ச்சி வேறு அலைவரிசைகளில் தொடர்ந்தாலும் பழைய வீச்சு இல்லை. அதே வருடம் பெருந்தொற்று, பிப்ரவரியில் நடிகர் மாட்டியோ குய்திசெல்லியுடன் திருமணம். மேடை மூடியிருந்தபோது 2021 மார்ச்சில் 'தாலா' பெயரிலேயே ஒரு திரைக் கச்சேரியை இணையத்தில் தந்தார். 2023 மே 12-இல், 1960-இல் கட்டிய அரானெட்டா கொலிசியத்தில் இருபதாம் ஆண்டுக் கச்சேரி. 2024 மார்ச்சில் பில்போர்டின் பெண் கலைஞர் விழாவில் குளோபல் ஃபோர்ஸ் விருது. அதைப் பெற்ற முதல் பிலிப்பைன்ஸ் கலைஞர் அவர்.

கே: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதலில் 'ஃபாரெவர்ஸ் நாட் இனஃப்'. பதின்வயதுக் குரல் எப்படி இருந்தது என்று தெரியும். அடுத்து 2013-இன் 'இகோட்-இகோட்', 2014-இன் 'கிலோமெட்ரோ'. இவற்றில் பிரிட்டைக் குறைத்துத் தாளத்தின் மேல் சாய்ந்து பாடுவதைக் கேட்கலாம். அதற்குப் பிறகு 'தாலா'. படத்தில் 'எ வெரி ஸ்பெஷல் லவ்', அப்புறம் 'மிஸ் கிரானி'. பாட்டுகளை ஹெட்போனில் கேளுங்கள். வரி தொடங்கும் இடங்களில் அவர் விடும் மூச்சு செல்போன் ஸ்பீக்கரில் காதில் விழாது.